தூரப் பஸ்ஸில் சைக்கிள்: திருகோணமலையில் பழகி வெளிநாட்டில் ஏற்றுவதற்கு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் சைக்கிளில் ஊர் சுற்றப் போகிறவர் எல்லாத் தூரத்தையும் மிதித்தே கடக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. விசா முடிய நாலு நாள் இருக்கும். நடுவில் இருநூறு கிலோமீற்றருக்கு லொறிகள் மட்டும் ஓடும் நெடுஞ்சாலை கிடக்கும். முழங்கால் வீங்கிவிடும், அல்லது மழை பிடித்துக்கொண்டு விடாது. அப்போது கை கொடுப்பது தூரப் பஸ்தான். ஆனால் டிக்கியைத் திறந்துகொண்டு நிற்கும் உதவியாளர் உங்கள் சைக்கிளை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவைச் சொல்லிவிடுவார். அவர் பார்ப்பதற்கு முன் என்னென்ன செய்து முடித்திருக்க வேண்டும் என்பதையே இங்கே விரிவாக எழுதியிருக்கிறோம்.

பஸ்காரர் ஏன் மறுக்கிறார்

எந்த நாட்டிலும் மறுப்புக்குக் காரணம் மூன்றுதான். முதலாவது இடம். முழு சைக்கிள் ஏறத்தாழ 175 செ.மீ. நீளம், 105 செ.மீ. உயரம், ஹாண்டில் பக்கம் 60 செ.மீ. அகலம். இரண்டு பேரின் பெரிய பெட்டிகள் போக வேண்டிய இடத்தை அது விழுங்கிவிடும். இரண்டாவது அழுக்கு. செயின் எண்ணெய் வேறொருவரின் பெட்டியில் அப்பிவிட்டால் ஏச்சு வாங்குவது நடத்துனர், நீங்கள் அல்ல. மூன்றாவது நேரம். பஸ் புறப்படும் வேளையில் ஒருவர் சாவி தேடிக்கொண்டு குந்தியிருந்தால் சாரதிக்குப் பொறுமை போய்விடும்.

சில்லுகளைக் கழற்றி, பிரேமோடு சேர்த்துக் கட்டி, துணியோ தறப்பாளோ சுற்றி வைத்த சைக்கிள் 110 செ.மீ. நீளம், 75 செ.மீ. உயரம், 35 செ.மீ. தடிப்புக்குள் அடங்கிவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது சைக்கிளாகவே தெரியாது, பொதியாகத்தான் தெரியும். பொதி ஏற்றுவது அவருக்கு அன்றாட வேலை. அதனால் பஸ் வருமுன்பே கழற்றிக் கட்டிவிட்டு நில்லுங்கள். "கழட்டித் தாறன் அண்ணை" என்ற வாக்குறுதியைவிடக் கட்டி முடித்த பொதி நூறு மடங்கு பேசும்.

வாங்கி வைக்க வேண்டியவை

பெரும்பாலானவற்றைத் திருகோணமலையிலேயே வாங்கலாம். சைக்கிள் கடைக்குப் போக வேண்டியது இரண்டொரு சாமானுக்கு மட்டும். மீதியை ஹாட்வெயாரும் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையும் கொடுக்கும்.

மெல்லிய தறப்பாள் 2 மீற்றருக்கு 2 மீற்றர், ஒன்று. பழைய ரியூப் இரண்டு: நெடுகக் கிழித்து 60 செ.மீ. நீளத்தில் எட்டுப் பட்டிகள் வெட்டுங்கள். நைலோன் கயிறு வழுக்கும். ரப்பர் பட்டி இறுகிப் பிடிக்கும், பிரேமின் பூச்சையும் சுரண்டாது. குளிரூட்டிக் குழாய்க்குப் போடும் பஞ்சுக் குழல் 2 மீற்றர், பிரேமின் குழாய்களுக்கு உறையாக. நாலு மி.மீ., ஐந்து, ஆறு, எட்டு என்ற அளவுகளில் அலன் கீ. பெடலுக்கு 15 மி.மீ. சாவி, அது ஒல்லியான வகையாக இருக்க வேண்டும். சாதாரண சாவியின் தடிப்பு பெடலுக்கும் கிராங்குக்கும் (பெடல் பூட்டியிருக்கும் கைக்கும்) நடுவில் நுழையாது. கையுறை ஒரு சோடி. பழைய சாரம் ஒன்று, செயினைச் சுற்ற.

பிறகு, காசு குறைவாகவும் பயன் அதிகமாகவும் உள்ள ஒரு சாமான்: அரை அங்குல பி.வி.சி. குழாய். முன் கவைக்கு 100 மி.மீ. துண்டு ஒன்று, பின்பக்கத்துக்கு 130 அல்லது 135 மி.மீ. துண்டு ஒன்று. பின்பக்க அளவு சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். சில்லைக் கழற்றிவிட்டு, அதன் அச்சு உட்காரும் இரண்டு காதுகளின் உள் முகங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து வெட்டுங்கள். சில்லு இருந்த இடத்தில் இந்தத் துண்டை வைத்து, சில்லின் குவிக் ரிலீஸ் கம்பியை (கையால் நெம்பித் திறக்கும் அச்சுக் கம்பியை) அதற்குள்ளால் விட்டு இறுக்கினால், மேலே நாற்பது கிலோ அரிசி மூட்டை விழுந்தாலும் கவை நெரியாது. குழாய் இல்லாமல் ஏற்றிய சைக்கிளில் அடிக்கடி நடப்பது இதுதான்: இறங்கி சில்லைப் போடப் பார்த்தால் காதுகள் உள்ளே வளைந்து, சில்லு போகாது. திருகி ஏற்றும் தடித்த அச்சு உள்ள சைக்கிள் என்றால் அச்சுப் போகுமளவுக்கு அகலமான குழாயை எடுங்கள், செய்முறை ஒன்றே.

சைக்கிள் கடையில் கேட்க வேண்டியது பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியக் காது. ஹாங்கர் என்றால் தெரியும். பிரேமைக் காப்பாற்ற அது முதலில் வளையும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. பஸ் டிக்கியில் அதிகம் அடிபடுவதும் அதுவே. ஒவ்வொரு பிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால் வெளிநாட்டில் ஒரு சின்ன ஊரில் அது கிடைக்காது. உங்கள் பிரேமுக்கு உரியதை ஊரிலேயே வாங்கிக் கருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கிழமைக்கு முன்பே பெடல்

கடற்கரை ஊர்க்காரர் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒரு வருஷம் ஓடிய சைக்கிளில் இரும்புப் பெடல் அச்சு அலுமினியக் கிராங்கோடு உப்புக் காற்றில் பிடித்துப்போயிருக்கும். பஸ் நிலையத்தில் வைத்து முதல் முறையாகக் கழற்றப் பார்த்தால் கழராது, சாவி வழுக்கிக் கைதான் கிழியும். புறப்பட ஒரு கிழமைக்கு முன் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு வையுங்கள். பிறகு கழற்றி, புரிகளைத் துடைத்து, கிறீஸ் பூசி, சாவியால் நன்றாக இறுக்கித் திரும்பப் பூட்டுங்கள்.

வலப் பெடல் வழக்கமான புரி, இடப் பெடல் எதிர்ப்புரி. மனப்பாடம் தேவையில்லை: சாவியைப் பெடலில் மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்து, அதன் தலைப்பக்கத்தைப் பின் சில்லுப் பக்கமாகத் தள்ளினால் இரண்டுமே கழரும். முன் சில்லுப் பக்கமாகத் தள்ளினால் இரண்டுமே இறுகும். பெடல் கிராங்கின் உள்பக்கத்தில் அலன் கீ ஓட்டையோடு வந்தாலும் கழலும் திசை மாறாது. ஆனால் அதை உள்பக்கத்திலிருந்து பார்த்துத் திருகும்போது பலர் குழம்பிப் புரியை உடைக்கிறார்கள். அப்போதும் சாவியின் கைப்பிடியை மேல்நோக்கி வைத்து அதே விதியைப் பின்பற்றுங்கள்.

அரைக் கழற்றலா, முழுக் கழற்றலா

பக்கவாட்டில் பெரிய கதவு திறக்கும் சொகுசுப் பஸ் என்றால் அரைக் கழற்றல் போதும். முன் சில்லு, பெடல் இரண்டும் கழற்றி, சீற்றை அடிவரை இறக்கி, ஹாண்டிலைப் பிரேமுக்குச் சமாந்தரமாகத் திருப்பினால் ஐந்து நிமிடத்தில் நீளம் 130 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். பின் சில்லு இருந்தபடி இருப்பதால் உருட்டியும் போகலாம். இந்த நிலையில் செயினைப் பின்னால் மிகப் பெரிய பல்லுச் சக்கரத்துக்கு ஏற்றிவிடுங்கள்: கியர் உள்பக்கம் ஒதுங்கி அடிபடாமல் தப்பும். பலர் இதைச் செய்ய மறந்துதான் ஹாங்கரை வளைத்துக்கொள்கிறார்கள்.

பின் டிக்கி மட்டும் உள்ள பஸ், டிக்கியே இல்லாத பஸ், பைக்குள் இல்லாத சைக்கிளைத் தொடமாட்டோம் என்னும் நாடு, இந்த மூன்றுக்கும் முழுக் கழற்றல். பழகாதவருக்கு முக்கால் மணி, நாலு தடவை செய்தவருக்குப் பதினைந்து நிமிடம்.

முழுக் கழற்றல், ஒழுங்காக

பைகள், தண்ணீர்ப் போத்தல், லைற், பம்ப் எல்லாவற்றையும் முதலில் இறக்குங்கள். அடுத்து செயினைப் பின்னால் மிகச் சிறிய பல்லுக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன பெரிய பல்லு விதி பின் சில்லு இருக்கும்போதுதான். சில்லைக் கழற்றுவதற்குச் சின்னப் பல்லு. இந்த இரண்டும் மாறிப்போனால் சில்லு செயினுக்குள் சிக்கி வெளியே வராது.

பெடல்களைக் கழற்றி, ஒரு சின்னப் பையில் போட்டு, பையைப் பிரேமிலேயே கட்டுங்கள். சட்டைப் பையில் போட்ட பெடல் பஸ்ஸோடு போய்விடும்.

சீற் குழாயில் இப்போதைய உயரத்துக்கு ஒட்டுப் பட்டி சுற்றி அடையாளம் வைத்துவிட்டு அடிவரை இறக்குங்கள். சீற் உயரம் ஒரு செ.மீ. மாறினால் மறுநாள் முழங்கால் சொல்லும்.

முன் சில்லைக் கழற்றுங்கள். எண்ணெயால் வேலை செய்யும் டிஸ்க் பிறேக் என்றால், சில்லு வெளியே வந்த கணத்திலிருந்து அந்தப் பிறேக் கையைத் தொடக்கூடாது. அமுக்கினால் உள்ளே இருக்கும் இரண்டு கட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு தட்டு நுழையாது. இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் பிளாஸ்டிக் துண்டொன்றைச் செருகுங்கள், இல்லாவிட்டால் நாலாக மடித்த மட்டை. டிஸ்க் தட்டுக்கும் மட்டையால் இருபக்கமும் உறை வேண்டும், இரண்டு மி.மீ. கூடத் தடிப்பில்லாத அந்தத் தட்டு வளைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் உரசும்.

ஹாண்டிலுக்கு இரண்டு வழி. புதிய வகை ஸ்டெமில் (ஹாண்டிலைக் கவையோடு சேர்த்துப் பிடிக்கும் துண்டில்) முன்முகத் தகட்டின் நாலு ஆணிகளை நாலு அல்லது ஐந்து மி.மீ. அலன் கீயால் கழற்றி, ஹாண்டிலைப் பிறேக் கம்பிகளோடு பிரேமின் மேற்குழாயில் தொங்கவிடலாம். ஸ்டெமின் உச்சியில் இருக்கும் மூடியை மட்டும் தொடாதீர்கள். கவையின் போளைகளை இறுக்கிப் பிடித்திருப்பது அது. பழைய வகை ஸ்டெமில் நடுவில் இறங்கும் நீண்ட ஆணியை மூன்று சுற்று இளக்கி, மேலே மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே உள்ள ஆப்பு விடுபடும். பிறகு ஹாண்டில் திரும்பும், அல்லது மேலே வரும். தட்டாமல் முறுக்குகிறவர்கள் கவையைக் கெடுக்கிறார்கள்.

பின் சில்லைக் கழற்றியதும், பின் கியரை ஹாங்கரிலிருந்து ஐந்து மி.மீ. அலன் கீயால் கழற்றுங்கள். கம்பியைக் கழற்ற வேண்டாம், ஆணி ஒன்றுதான். கியரையும் செயினையும் சேர்த்துச் சாரத்தில் சுற்றி, பின் முக்கோணத்துக்குள் தள்ளிக் கட்டிவிட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க எதுவும் இல்லை. நாலு நிமிடம் அதிகம் எடுக்கும் இந்த வேலையைத் தவிர்க்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பி.வி.சி. துண்டுகளை இப்போது பூட்டுங்கள்.

இரண்டு சில்லுகளையும் பிரேமின் இரு பக்கமும் வையுங்கள். பின் சில்லு இடப்பக்கம். அதன் பல்லுச் சக்கரம் பிரேமின் முக்கோண வெற்றிடத்துக்குள் வரவேண்டும். அச்சு முனை எதுவும் குழாயில் முட்டக்கூடாது; முட்டினால் இருநூறு கிலோமீற்றர் ஆட்டத்தில் குழாயில் குழி விழும். அலுமினியக் குழாயில் விழுந்த குழியை யாராலும் எடுக்க முடியாது. குவிக் ரிலீஸின் இரண்டு கூம்புச் சுருள்களும் தொலையும் சாமான்கள். பெடல் பைக்குள் போடுங்கள். பூட்டும்போது சுருளின் சின்ன முனை உள்பக்கம் பார்க்க வேண்டும்.

கிராங்கைப் பின் கவைக்குச் சமாந்தரமாகத் திருப்பி, பல்லுக்கு மட்டை உறை போட்டு, மூன்று இடத்தில் ரியூப் பட்டியால் இறுக்குங்கள். ரயரில் காற்றை முழுதாக எடுத்துவிடாதீர்கள், பாதிக் காற்று இருந்தால் றிம்முக்கு அதுவே மெத்தை. பிறகு பொதியை ஒரு கையால் தூக்கி உலுப்பிப் பாருங்கள். ஏதாவது கிலுங்கினால் திரும்பக் கட்டுங்கள்: இப்போது கிலுங்குவது பஸ்ஸில் உரசும், உரசுவது தேயும். இதற்குப் பிறகுதான் தறப்பாள்.

மட்காட், கரியர் உள்ள பயணச் சைக்கிளில் பின் கரியரை விட்டுவிடலாம். பிரேமுக்கு அது கவசமாகவும் இருக்கும். முன் மட்காட்டை மட்டும் கழற்றுங்கள். நெரிந்த மட்காட் சில்லில் மாட்டி முன்னால் தூக்கி எறியும் ஆபத்து உள்ளது.

நிலையத்தில்

பஸ் தொடங்கும் இடத்திலேயே ஏறுங்கள். இடைத் தரிப்பில் பஸ் ஒரு நிமிடம் நிற்கும், டிக்கி ஏற்கெனவே நிறைந்திருக்கும். புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் போய், கட்டி, சுத்தமாக ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு, பஸ் வந்து நின்றதும் முதலில் சாரதியிடம் அல்ல, சாமான் ஏற்றுகிறவரிடம் பேசுங்கள். இடம் தீர்மானிப்பவர் அவர். துருக்கியில் அவரை முஆவின் என்பார்கள், தென்னமெரிக்காவில் மலெத்தேரோ. அழைக்கும் பெயர் மாறினாலும் அதிகாரம் அவரிடம்தான்.

கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். இங்கே என்றால்: "அண்ணை, ஒரு பொதி இருக்கு, சைக்கிள் கழட்டிக் கட்டினது. டிக்கியில நிமித்தி வைக்கலாமா?" கொழும்புப் பக்கச் சிங்கள நடத்துனர் என்றால்: "அய்யே, பைசிகல் எகக் டிக்கியே தான்ன புளுவன்த?" தமிழ்நாட்டில் என்றால்: "அண்ணே, சைக்கிள் பார்சல் ஒன்னு இருக்கு, டிக்கில போட்டுக்கலாமா?" வேறு மொழி நாட்டில் இதே இரண்டு வரியை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் எழுதி வாங்கி, தொலைபேசியில் கட்டிய பொதியின் படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே பயணச்சீட்டு விற்கும் யன்னலில் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டால் பாதிப் பாரம் குறையும். யன்னலில் சரி என்று சொன்னவரும் பஸ்ஸில் ஏற்றுகிறவரும் வேறு வேறு ஆட்கள் என்பதால், முடியுமானால் அந்தச் சம்மதத்தைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

காசை ஏற்றுமுன் பேசி முடியுங்கள். பொதி உள்ளே போய்க் கதவு சாத்திய பிறகு விலை ஏறும். சாமானுக்குத் தனிக் கட்டணம் கேட்பது எங்கும் நியாயம்தான். அதற்கு ரசீதோ, இலக்கத் துண்டோ கேட்டு வாங்குங்கள். சில்லறையைக் கையில் வைத்திருங்கள்.

பைகளையும் ஒன்றாக்குங்கள். நாலு பக்கப் பை, ஒரு கூடாரம், ஒரு சைக்கிள் என்றால் ஆறு சாமான். மத்திய கிழக்கிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பையில் நாலு பைகளையும் கூடாரத்தையும் திணித்தால் இரண்டு சாமான். எண்ணிப் பார்த்துத்தான் காசு கேட்கிறார்கள். கடவுச்சீட்டு, காசு, தொலைபேசி, மருந்து, அலன் கீ இருக்கும் சின்னப் பை உங்களோடு மேலே வரட்டும்.

டிக்கிக்குள்

கூடியவரை நீங்களே தூக்கி வையுங்கள். நிமிர்த்தி, முன்சுவரோடு சாய்த்து, இரு பக்கமும் மெத்தென்ற பைகளால் முட்டுக் கொடுத்து நிறுத்துவதே நல்ல வழி. படுக்க வைத்தே ஆகவேண்டும் என்றால் செயின் இருந்த பக்கம் மேலே, மற்றப் பெட்டிகளின் உச்சியில். கடைசி ஊரில் இறங்குகிறவர் சாமான் உள்ளே முதலில் போகும். அப்படி உள்ளே போன பொதிக்கு மேல் வழியில் ஏறுகிறவர்களின் பெட்டி எல்லாம் விழும். ஆகவே சாமான் கதவுப் பக்கத்து யன்னலோரக் கதிரையைக் கேளுங்கள். இலங்கை, இந்தியா, தாய்லாந்து, ஜப்பான், பிரிட்டனில் பஸ் இடப்பக்கம் ஓடுவதால் நடைபாதைப் பக்கக் கதவு இடப்பக்கம். ஐரோப்பாக் கண்டத்திலும் அமெரிக்காவிலும் வலப்பக்கம். நீண்ட நேரம் நிற்கும் ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கிழக்கிலிருந்து போகும் பஸ்களில் இன்னொன்று. றெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்ட மீன் போகும் டிக்கியில், ஐஸ் உருகிய தண்ணீர் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அது உப்பும் இரத்தமும் கலந்த தண்ணீர். ஒரு இரவு அதில் கிடந்த செயின் காலையில் செம்மண் நிறத்தில் எழும்பும். பொதியின் அடிப்பக்கத்துக்குத் தறப்பாளை இரண்டு மடிப்பாகப் போட்டு, விளிம்பை ஒரு சாண் மேலே மடித்துக் கட்டுங்கள். அப்படியும் நனைந்தால் இறங்கிய உடன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள், மறுநாளைக்கு வைக்க வேண்டாம். தயிர்ச் சட்டி அடுக்கிய டிக்கி என்றால் வாதாடாதீர்கள். சட்டி உடைந்தால் அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம். அடுத்த பஸ்ஸில் போங்கள்.

திருகோணமலையில் ஒத்திகை

வெளிநாடு போவதற்கு முன் குறைந்தது இரண்டு தடவை இங்கே ஏற்றி இறக்கிப் பழகுங்கள். தெரிந்த மொழியில், தெரிந்த ஊரில் பிழைவிட்டுப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. இங்கே எல்லா வகைப் பஸ்ஸும் ஓடுகிறது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்புப் பஸ்களில் பெரும்பாலும் ஒழுங்கான டிக்கி கிடையாது, முழுக் கழற்றல் செய்த பொதியைக் கடைசிக் கதிரைப் பக்கமோ சாரதி அருகிலோ வைக்க நடத்துனர் இடம் காட்டினால் உண்டு. தனியார் பஸ்ஸின் பின் டிக்கி ஆழம் குறைந்தது, மேலதிக சில்லும் அதற்குள்ளேயே கிடக்கும். கொழும்புக்குப் போகும் 49ஆம் இலக்கப் பாதையின் குளிரூட்டிய வண்டிகளில் இடம் பற்றி முதல் நாளே விசாரிக்கலாம். சனி, ஞாயிறோடு சேரும் போயா விடுமுறை, சித்திரை வருஷம், வெசாக் நாட்களில் முயல வேண்டாம். மனிதருக்கே நிற்க இடம் இருக்காது.

ஒத்திகைக்கு எந்தப் பாதை? காற்றைக் கேளுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கந்தளாய்ப் பக்கம் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து மிதிப்பது, சூடான போறணை வாய்க்குள் போவது மாதிரி. ஆகவே போகும் வழியைப் பஸ்ஸுக்கு விட்டு, வரும் வழியைக் காற்றோடு மிதியுங்கள்: ஏ12 வழியாக அனுராதபுரத்துக்குப் பஸ்ஸில் போய், சுமார் 105 கிலோமீற்றரை இரண்டு நாளில் ஓடி வரலாம், ஏ6 வழியாக ஹபரணைக்குப் போனால் திரும்பி வரச் சுமார் 85. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே காட்டு யானை வீதியைக் கடக்கும் இடங்கள் உண்டு. காலை எட்டு மணிக்குப் பின் புறப்பட்டு, பின்னேரம் நாலு மணிக்கு முன் கந்தளாய் சேர்ந்துவிடுங்கள். கருக்கலில் அந்தத் துண்டில் ஒருபோதும் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் காற்றும் மழையும் திசை மாறி வடகிழக்கிலிருந்து வரும், அப்போது கணக்கும் தலைகீழ்.

சமதரையில் பழக விரும்புகிறவர்கள் மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போய், வாழைச்சேனை, வாகரை, மூதூர், கிண்ணியா வழியாக ஏ15இல் திரும்பலாம். கடைசியில் 2009இல் திறந்த, ஏறக்குறைய 400 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்றுப் பலமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

இந்தக் காற்றுக் கணக்கு வெளிநாட்டிலும் அப்படியே உதவும். எதிர்க்காற்று, ஏற்றம், சுரங்கப் பாதை, லொறி நெரிசல் உள்ள பகுதியைப் பஸ்ஸில் கடந்துவிட்டு, மிச்சத்தை மிதிக்கும்படி வழியைத் திட்டமிடுங்கள்.

நாட்டுக்கு நாடு

தமிழ்நாடுதான் நம்மவருக்கு முதல் படி. ஆம்னி பஸ் எனப்படும் தனியார் தூரப் பஸ்களின் டிக்கி பெரியது, மோட்டார் சைக்கிளே ஏற்றுவார்கள். ஆனால் அது வியாபாரப் பார்சலால் நிறையும். பார்சல் ஏற்றுமுன் போய் நில்லுங்கள். சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்கள் பெரும்பாலும் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. விமான நிலையத்திலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் அது வரும், ஆனால் அந்தச் சாலையில் வண்டி நெருக்கம் அதிகம். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டி ஓடுவதைவிட, கட்டியபடியே சரக்கு ஓட்டோவில் கொண்டுபோவது புத்தி.

தாய்லாந்தில் அரைக் கழற்றலோடு டிக்கியில் ஏற்றுவது வழமை, தனிக் காசு கேட்பார்கள். துருக்கியில் நகர்களுக்கிடையே ஓடும் பஸ்களின் டிக்கி விசாலம், முடிவு முஆவின் கையில்.

ஜப்பான் தனி உலகம். அங்கே ரயிலில் சைக்கிளை முழுதாகக் கழற்றிப் பைக்குள் போட்டு எடுத்துச் செல்வதை ரிங்கோ என்கிறார்கள், ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் நீள அகல உயரக் கூட்டுத்தொகை 250 செ.மீ., நீளம் 2 மீற்றர், எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பையிலிருந்து ஒரு துண்டு கூட வெளியே நீட்டக்கூடாது. தூரப் பஸ் கம்பெனிகள் பல, பைக்குள் இருந்தாலும் சைக்கிளை ஏற்பதில்லை. ஆகவே அங்கே ரயிலை நம்புங்கள்.

ஐரோப்பாவில் பிளிக்ஸ்பஸ் என்ற தூரப் பஸ் கம்பெனி சில ஓட்டங்களில் பின்னால் தாங்கி பூட்டியோ டிக்கியிலோ, ஒரு பஸ்ஸுக்கு ஐந்து வரை, முழு சைக்கிளாகவே ஏற்றுகிறது. அதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும்; எல்லா ஓட்டத்திலும் கிடையாது, கோடையில் சீக்கிரம் நிறையும். தாங்கியில் போகும் சைக்கிளில் பை, போத்தல், லைற் எதுவும் தொங்கக்கூடாது. சுவிஸில் மஞ்சள் தபால் பஸ்கள் பல மலைப்பாதைகளில் சைக்கிள் ஏற்றும், சைக்கிளுக்கும் சீட்டு எடுக்க வேண்டும். பிரிட்டனில் நஷனல் எக்ஸ்பிரஸ் போன்ற தூரப் பஸ்களுக்கு மடிக்கும் சைக்கிளும் அதற்கேற்ற பையும்தான் பொருந்தும்.

அமெரிக்காவில் நகரப் பஸ்களின் முன்மூக்கில் இரண்டு மூன்று சைக்கிள் நிற்கும் தாங்கி இருக்கும். கிரேஹவுண்ட் போன்ற தூரப் பஸ் கேட்பது மட்டைப் பெட்டி. பெட்டிக்கு அலைய வேண்டாம்: புதுச் சைக்கிள் வந்திறங்கிய பெட்டிகளைக் கடைக்காரர்கள் எறிவார்கள், முதல் நாளே போய்க் கேட்டால் சும்மா தருவார்கள். ஏறத்தாழ 140 செ.மீ. நீளம், 75 உயரம், 20 முதல் 25 அகலம் என்று அளந்து எடுங்கள். ஆர்ஜென்ரினா, சிலிப் பக்கம் பயணிகள் சாமானாக ஏற்க மறுத்தால் என்கொமியெண்டா என்ற பார்சல் சேவையில் விடச் சொல்வார்கள். அது வேறு பஸ்ஸில் வரலாம், ஆகவே கூடாரத்தையும் உடுப்பையும் அதோடு அனுப்பாதீர்கள்.

மின்சார சைக்கிளோடு போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விமானத்தில் அனுமதி பெற்றாலும் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைப் பயணி கொண்டுபோக முடியாது. சைக்கிள் பற்றரிகள் அதைவிடப் பெரியவை. பல பஸ் கம்பெனிகளும் அவற்றை ஏற்பதில்லை.

எல்லை கடக்கும் பஸ்

எல்லையில் எல்லாரும் இறங்கிச் சாமானோடு நடக்க வேண்டியிருக்கும். பதினைந்து கிலோப் பொதியைத் தோளில் போடத் தறப்பாளுக்கு மேல் அகலமான நாடா ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதின் படமும், கிராங்குக்கு அடியில் பிரேமில் குத்தியிருக்கும் தொடர் இலக்கத்தின் படமும் தொலைபேசியில் இருக்கட்டும். சுங்கத்தில் விற்கக் கொண்டுவந்ததா என்று கேட்டால் பழைய சைக்கிள் என்று காட்ட அது போதும்.

இறங்கிய பின்

பஸ்ஸைப் போகவிடுமுன் சாமானை எண்ணுங்கள். பிறகு வெளிச்சமுள்ள இடத்தில் தறப்பாளை விரித்து, அதன் மேல் பூட்டுங்கள். சின்ன ஆணி விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். முதலில் ஹாங்கரைப் பின்னால் நின்று பாருங்கள்: கியரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்லுச் சக்கரத்துக்கு நேர்கீழே, சாயாமல் தொங்க வேண்டும். உள்ளே வளைந்திருந்தால் பெரிய பல்லுக்கு மாற்றும்போது கியர் சில்லுக் கம்பிகளுக்குள் போய் எல்லாவற்றையும் பிய்த்துவிடும். கையால் நிமிர்த்த முயலாமல் மாற்று ஹாங்கரைப் பூட்டுங்கள்.

பின் சில்லு, முன் சில்லு, ஹாண்டில், சீற், பெடல் என்ற ஒழுங்கில் போங்கள். ஹாண்டில் முகத் தகட்டின் நாலு ஆணிகளையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஸ்டெம்களுக்கு ஐந்து, ஆறு நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். சின்ன அலன் கீயை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் அந்த அளவுக்கு மேல் போகாது. பெடலை முதல் நாலு சுற்றுக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் புரி கோணலாகப் பிடித்திருக்கிறது, அல்லது இடமும் வலமும் மாறியிருக்கிறது. சாவியை வைத்து அழுத்தினால் கிராங் போய்விடும்.

தலைகீழாகப் பயணித்த எண்ணெய்ப் பிறேக்கை இருபது தடவை மெல்ல அமுக்கிவிடுங்கள். கை ஹாண்டிலைத் தொடுமளவுக்கு மெத்தென்று போனால் காற்று உள்ளே நுழைந்திருக்கிறது, அதோடு இறக்கத்தில் இறங்காதீர்கள். முன் பிறேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் உலுப்புங்கள், கவையில் டக் டக் என்று சத்தம் வந்தால் தலைப்பகுதி தளர்ந்திருக்கிறது. வெறும் சைக்கிளில் நூறு மீற்றர் ஓடி ஒவ்வொரு கியரையும் மாற்றிப் பார்த்த பிறகு பைகளை ஏற்றுங்கள். பி.வி.சி. துண்டு இரண்டையும் ரியூப் பட்டிகளால் சீற்றுக்கு அடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்படுங்கள், திரும்பி வரும் பஸ்ஸுக்கும் அவை வேண்டும்.